ஏழரை மணி பஸ் திரும்பி வந்த வாரம்

தேரிக்காட்டுச் செம்மணல் முடிந்து பனைகள் தொடங்கும் இடத்தில் பொறுமைபுரம் என்றொரு ஊர் இருக்கிறது. பேரைத் தவிர வேறெதிலும் பொறுமை இல்லாத ஊர். குழம்பு கொதிக்கும் முன்னே தட்டை வைப்பவர்களும், சபைப் போதகர் ஆசீர்வாதம் கூறி முடிக்கும் முன்னே செருப்பைத் தேடுகிறவர்களும் நிறைந்த ஊர். அந்த ஊரில்தான் ஒரு சித்திரை மாதம், திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், வெளியூர் கிளம்பியவர்கள் எவரும் வெளியூர் போய்ச் சேரவில்லை. எல்லாரும் நேர் ரோட்டில் நேராகப் போய், தங்கள் வேதக்கோயில் வாசலிலேயே வந்து இறங்கினார்கள். அந்த நாட்களில் ஊருக்கு வெளியே இருந்தவள் ஒருத்திதான். அவள் பேர் தொற்காள்.

தொற்காள் டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அம்மா தம்பியைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். அன்றிலிருந்து தம்பி சாலமோனுக்குப் பால் புகட்டியதும், பல் முளைக்கக் காத்திருந்ததும், அவன் படிக்கப் போனபோது பெட்டியில் துணி மடித்து வைத்ததும், அவன் உபதேசியாராகிச் சொந்த ஊர்ச் சபைக்கே வந்தபோது முதல் அங்கி தைத்துக் கொடுத்ததும் அவள்தான். பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்றாள். தம்பி ஒரு நிலைக்கு வந்தபோது பெண் கேட்டு வருகிறவர்கள் இல்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பும், புதன்கிழமை தோறும் பெண்கள் சங்கத்தில் வேதபாடமும் நடத்தினாள். பாடம் முடிந்ததும் கரும்பலகையில் 'படிப்பினைகள்' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, அதற்குக் கீழே மூன்று எழுதுவாள். மூன்றுக்குக் குறைந்ததுமில்லை, கூடியதுமில்லை.

அந்த வருஷம் லெந்து என்னும் உபவாச நாட்களில் தொடங்கி ஏழு புதன்கிழமைகளுக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, வேதத்தில் தவறிய பெண்கள். ஏவாள், லோத்தின் மனைவி, ரெபேக்காள் என்று வாரம் ஒருத்தியாக வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருத்தியும், பாடம் முடிகிற நேரத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியின் சாயலுக்கு மாறிப்போனார்கள். டீச்சர் யார் பேரையும் கூறுவதில்லை. கண்ணை மட்டும் ஒரு இடத்தில் நிறுத்துவாள். இளைய மகனுக்கு மட்டும் ஒளித்து வைத்துச் சோறு போடுகிற தாய் யார் என்பது ரெபேக்காள் வாரத்தில் ஊருக்கே தெரிந்தது. மீகாள் வாரத்தில், தாவீது ராஜா ஆடியதை ஜன்னல் வழியே பார்த்து இளக்காரம் செய்த மனைவியைப் பற்றிப் பேசி, "அவளுக்குச் சாகிற நாள் வரைக்கும் பிள்ளை இல்லை" என்று நிறுத்தி, கண்ணை ஜெபக்கனியின் மேல் வைத்தாள். ஜெபக்கனிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். புருஷன் பாடகர் குழுவில் ராகம் தப்பிப் பாடியபோது ஒருநாள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை ஊர் பார்த்திருந்தது.

கடைசிக்கு என்று வைத்திருந்தது, தன்னை நம்பிய சிம்சோனைக் காட்டிக்கொடுத்த தெலீலாள். அந்த வாரம் கண் நின்ற இடத்தில் உட்கார்ந்திருந்தவள் செலின், தம்பி பெண்டாட்டி.

செலின் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்துப் பெண். சாலமோன் ஊழியத்துக்காக மலைக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்து, முப்பத்தெட்டு வயதில் கட்டிக்கொண்டு வந்தான். கருப்பான, அதிகம் பேசாத பெண். அவள் என்ன ஆட்கள், யார் வீட்டுப் பெண் என்று ஊர் முதல் நாளே கேட்டது, பதில் கிடைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது. தொற்காள் கேட்கவில்லை. ஆனால் வீடு பெருக்கும்போது செலினின் பெட்டி திறந்திருக்க, உள்ளே ஒரு போட்டோவைப் பார்த்தாள். ஒரு வாலிபன் செலினின் தோளில் கைபோட்டு நின்றான். தொற்காள் அதைக் கையிலெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, இருந்தபடியே வைத்தாள்.

"சில பெட்டியில சில ஆம்பளைப் படம் இருக்கும்" என்றாள் அந்தப் புதன்கிழமை. "முந்தி வாழ்ந்த வாழ்க்கையை மடிச்சு அடியில வச்சுக்கிட்டு, மேல சேலையை வச்சு மூடியிருப்பாக. அது யாருன்னு கேக்கத் தைரியம் இல்லாத புருஷன்தான் சிம்சோன்."

அவ்வளவுதான் சொன்னாள். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. சனிக்கிழமைக்குள் அந்தப் பேச்சு பஸ் ஏறி, மலை ஏறி, செலினின் அம்மா காதுக்கும் போய்விட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செலின் எழுந்து பலிபீடத்துக்கு முன்னால் போய் நின்று, போட்டோவை எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தாள். "இது எங்க அண்ணன் மணிராஜ்" என்றாள். "நாலு வருஷத்துக்கு முன்னாடி மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. உடம்பு கிடைக்கல. இந்தப் படம் ஒண்ணுதான் இருக்கு." பிறகு போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு நாளாக அந்தப் பேச்சை வாயில் போட்டு மென்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வாய் கசந்தது. வாய் கசந்தால் துப்ப ஒரு இடம் வேண்டுமே. சபைக் கமிட்டிச் செயலாளர் ஏசுவடியான் அங்கேயே கமிட்டியைக் கூட்டினார். டீச்சர் இனிமேல் கோயிலுக்கும் சங்கத்துக்கும் வர வேண்டியதில்லை, ஊருக்குள் யாரும் அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை.

பேசாத ஊருக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பது மேல் என்று தொற்காள் அன்று மத்தியானமே கிளம்பினாள். ஊரிலிருந்து அரை மைல் தூரத்தில், திருச்செந்தூர் ரோட்டை ஒட்டி, அவள் அப்பா விட்டுப்போன பனைவிளை இருந்தது. அதில் பதநீர் காய்ச்சிய காலத்தில் கட்டிய ஓட்டுக் கொட்டகை ஒன்று. சாலமோன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். பெட்டியை இறக்கிவைத்து, குடத்தில் தண்ணீர் நிறைத்து, ஓட்டில் ஓட்டை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தான்.

"சட்டையில பித்தான் அத்துருக்கு. கழத்திக் குடு, தச்சுத் தாரேன்" என்றாள் தொற்காள்.

"செலின் தச்சுருவா அக்கா" என்றான் அவன், கோபமில்லாமல், வேறு எதையோ நினைத்தபடி. பிறகு போய்விட்டான்.

மறுநாள் திங்கட்கிழமை, ஊரில் இரவு தங்கும் பஸ் ஏழரைக்குக் கிளம்பி, வேலைக்குப் போகிறவர்களையும் சந்தைக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு, ஏழு முப்பத்தைந்துக்குக் கொட்டகையைத் தாண்டித் திருச்செந்தூர் திசையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. தொற்காள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஏழு ஐம்பதுக்கு அதே பஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து, அதே திசையில், அதே முகங்களோடு மறுபடியும் போனது. அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். மூன்றாம் தடவையும் போனது. அதற்குப் பிறகு வரவில்லை.

ஊருக்குள் என்ன நடந்தது என்றால், டிரைவர் மூன்றாம் தடவை கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி ஒரு டீ குடித்தார். "ரோடு சரியாத்தான் போவுது. ஊருதான் முன்னால வந்து நிக்குது" என்றார். கண்டக்டர் ஊர் எல்லை தாண்டாததால் பழைய டிக்கெட்டே செல்லும் என்று கூறிவிட்டார். மோட்டார் சைக்கிளில் போனவர்களும், குறுக்குப் பாதையில் தேரிக்குள் நடந்து போனவர்களும், பத்து நிமிஷத்திலோ ஒரு மணி நேரத்திலோ கோயில் வாசலுக்கே வந்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மட்டும் எந்தத் தடையுமில்லாமல் வந்து சேர்ந்து, வந்தபின் மாட்டிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை சைக்கிளில் வந்த ரொட்டிக்காரர் அப்படி மாட்டிக்கொண்டவர். புதன்கிழமை ரொட்டி தீர்ந்துபோய், பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து எழுந்து, வியாழக்கிழமை ஊராருக்கு மாவு பிசையச் சொல்லிக் கொடுத்தார்.

இது ஏன் என்று அந்த ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்டார்கள். புது மின்கம்பம் நட்டதால்தான் என்றார்கள் சிலர். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மறுநாளே பனை வெட்டியதால் என்றார்கள் சிலர். பிறகு அந்தப் பேச்சையும் விட்டுவிட்டு, காலையில் கிளம்பிக் காலையிலேயே திரும்புவதற்குப் பழகிக்கொண்டார்கள். வயதானவர்கள் சாயங்காலம் காற்று வாங்க பஸ்ஸில் ஏறி ஒரு சுற்று போய்வந்தார்கள். வேலைக்குப் போக முடியாத ஆண்கள் வீட்டில் இருந்ததால், பெண்களுக்கு யார் யாருக்கு எத்தனை வேலை தெரியாது என்பது தெரியவந்தது. ஆடுகள் மட்டும் மேய்ந்துவிட்டு எப்போதும்போல வீடு திரும்பின. அவற்றுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

ஆனால் போகிறவர்கள் யாரானாலும், எந்தப் பாதையில் கிளம்பினாலும், தொற்காளின் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தேரிக்குள் கிழக்கே நடந்தவர்களுக்கும் அந்தக் கொட்டகை எதிரே வந்தது. முதல் நாள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் திருப்பிய முகம் வலித்தது. புதன்கிழமை, சங்கம் நடக்காத புதன்கிழமை, வெயிலில் நடந்து நாக்கு உலர்ந்த ஒருத்தி கொட்டகை முன்னால் நின்றாள். தொற்காள் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். கமிட்டி எழுதியது பேசக் கூடாது என்றுதான், குடிக்கக் கூடாது என்று இல்லை. அவள் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்துப் போனாள். அதற்குப் பிறகு எல்லாரும் நின்றார்கள், எல்லாரும் குடித்தார்கள். தொற்காள் கிணற்றுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒரு வார்த்தை இல்லாமல் ஊரே அவள் கையால் தண்ணீர் குடித்தது.

வியாழக்கிழமை ஜெபக்கனி வந்தாள். செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றாள். பிறகு பேசினாள்.

"டீச்சர், மீகாள் பாடம் நடத்துன அன்னைக்கு வீட்டுக்குப் போயி எங்க வீட்டு ஜன்னலைச் சாத்திட்டேன். தெருவைப் பாக்கவே பிடிக்கல. அவுக ஏன் சாத்திக்கெடக்குன்னு கேட்டாக. தூசி வருதுன்னேன்."

தொற்காள் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சது இளக்காரத்துல இல்ல டீச்சர். அவுக தப்பாப் பாடுவாக. ஆனா பாடும்போது அவுக முகம் சின்னப் புள்ள மாரி இருக்கும். அதப் பாத்துச் சிரிச்சேன். எனக்கு வேற சின்னப் புள்ள முகம் பாக்கக் கெடைக்கலல்லா." ஜெபக்கனி தண்ணீரைக் குடித்து முடித்தாள். "உங்க கிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன்."

அவள் போன பிறகு தொற்காள் வெகுநேரம் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தாள். தான் நடத்திய ஏழு பாடங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எழுதிய இருபத்தொரு படிப்பினைகளில் ஒன்றுகூடத் தன்னைப் பார்த்து எழுதியதில்லை என்று தெரிந்தது. அது அவளுக்கு ஒரு அதிர்ச்சியாக வரவில்லை. எப்போதோ தெரிந்த ஒன்றைக் கடைசியில் எழுந்து போய்க் கதவைத் திறந்து உள்ளே விட்டதுபோல வந்தது.

வெள்ளிக்கிழமை ஏசுவடியானின் மோட்டார் சைக்கிள் நாலாவது சுற்றில் கொட்டகை முன்னால் நின்றுபோனது. அவர் மகள் பெனீட்டாவுக்குத் திங்கட்கிழமை பக்கத்து ஊரான நாசரேத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தினமும் போன் பண்ணுகிறார்கள். தான் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தைத் தானே மீற முடியாமல், அவர் பக்கத்தில் நின்ற பனைமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஒருத்திய வெளிய வச்சோம். ஒருத்திதான வெளிய நிக்கணும். ஊரு பூராவும் உள்ள மாட்டிக்கிட்டு. இது என்ன நியாயம்னு எனக்கு வெளங்கல."

பனைமரம் பேசவில்லை. தொற்காள் செம்பை நீட்டினாள். அவர் அதை வாங்கும்போது அவள் கண்ணைப் பார்த்துவிட்டார், பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் செலின் வந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். கொட்டகைக்குள் வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து, கையிலிருந்த வேதப்புத்தகத்தைத் திறந்தாள்.

"மைனி, நீங்க ஏழு பேரை நடத்துனீங்க. மிரியாமை நடத்தலையே. ஏன்?"

தொற்காள் கையிலிருந்த செம்பைக் குடத்தின் மேல் கவிழ்த்தாள்.

"மோசேயோட அக்கா. தண்ணியில விட்ட தம்பிக்குக் காவல் நின்னவங்க. பெரிய பாட்டுக்காரி. அந்தத் தம்பி வேற தேசத்துப் பொண்ணைக் கட்டுனது பிடிக்காம ஒரு பேச்சுப் பேசுனாங்க. குஷ்டம் வந்து உடம்பெல்லாம் வெள்ளையாப் போச்சு. ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே வச்சாங்க." செலின் விரலை வரியின் மேல் வைத்தாள். "நான் இதுவரைக்கும்தான் கேள்விப்பட்டிருக்கேன். அடுத்த வரியை நேத்துத்தான் பார்த்தேன். அவங்களை உள்ள சேத்துக்கிற வரைக்கும் ஜனங்க யாரும் பயணம் போகலையாம். அத்தனை லட்சம் பேரும் கூடாரத்தைப் போட்டுக்கிட்டுக் காத்திருந்திருக்காங்க."

பனையோலைகள் காற்றில் உரசிக்கொண்டன.

"அந்தப் பொண்டாட்டி பேரு இதுல எழுதலை" என்றாள் செலின். "அவ என்ன நினைச்சான்னும் எழுதலை."

"நீ என்ன நெனைக்க?" என்று கேட்டாள் தொற்காள்.

"எங்க அம்மா யார்கிட்டயும் பேச மாட்டேங்குதாம். செத்த பிள்ளையைப் பத்தி இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு சோறு இறங்கலையாம். நான் போய்ப் பார்க்கணும். பஸ் போக மாட்டேங்குது." செலின் புத்தகத்தை மூடினாள். "நான் மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலை மைனி. அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. பஸ் திங்கட்கிழமை ஏழரைக்கு. அதுக்கு நீங்க உள்ள வரணும்."



"எனக்குத் தெரியும்" என்றாள் தொற்காள். "அந்தப் படத்தப் பாத்த அன்னைக்கே அது ஒன் கூடப் பொறந்தவன்னு தெரியும். ஒரே முகம். தெரிஞ்சேதான் பேசுனேன்."

செலின் அழவுமில்லை, எழுந்து போகவுமில்லை. "அதை நாளைக்குக் கோயில்ல சொல்லுங்க" என்றாள். "எங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது."

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மணி அடித்ததும், யாரும் கூட்டாமலே பெண்கள் சங்கம் கிளம்பியது. முன்னால் செலினும், பக்கத்தில் ஜெபக்கனியும், பின்னால் மற்றவர்களுமாகப் பனைவிளைக்கு வந்தார்கள். தொற்காள் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர்கள் நடுவில் அவளை விட்டுக்கொண்டு நடந்தார்கள். கோயில் வாசலில் ஏசுவடியான் நின்றுகொண்டிருந்தார். அவர் தீர்மானத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மடித்து, மறுபடியும் பைக்குள் வைத்து, ஒதுங்கி வழிவிட்டார்.

ஆராதனை முடிந்தபின் தொற்காள் எழுந்து நின்று, செலினிடம் கூறியதைச் சபைக்குச் சொன்னாள். நாலே வாக்கியம். பின்வரிசையிலிருந்து, புதன்கிழமை முதல் ஆளாகத் தண்ணீர் குடித்தவள் பேசினாள். "டீச்சர் சொன்னது பொய்யின்னு எங்களுக்கும் தோணத்தான் செஞ்சுது. கேக்க நல்லா இருந்துச்சு, கேட்டோம்." யாரும் அதை மறுக்கவில்லை. சாலமோன் பிரசங்கபீடத்தின் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

அன்று மத்தியானம் ரொட்டிக்காரர் எல்லாரிடமும் விடைபெற்று, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஊர் கோயில் வாசலில் கூடி நின்று பார்த்தது. பத்து நிமிஷம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று, அவர் திரும்பி வரவில்லை. பொறுமைபுரத்தார் பொழுது சாயும் வரை அங்கேயே நின்றார்கள். சந்தோஷம்தான், ஆனாலும் சிலருக்கு என்னவோ குறைந்ததுபோல இருந்தது.

திங்கட்கிழமை ஏழரை மணி பஸ்ஸில் கல்யாண வீட்டாரோடு செலினும் தொற்காளும் ஏறினார்கள். சாலமோன் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் அவர்கள் இரண்டு பேர் மட்டும் திருநெல்வேலியில் பஸ் மாறி, தேனியில் இறங்கி, இரவு செலினின் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலை மலை ஏறினார்கள். தொற்காள் அதுவரை மலை ஏறியதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. செலின் ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்து, மறு கையால் முதுகைத் தடவினாள்.

தேயிலைக்கு நடுவில் வரிசையாக நின்ற வீடுகளில் ஆறாவது செலினின் அம்மா ஞானம்மாளுடையது. இருட்டான அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தேயிலை பறித்துக் கறுத்த விரல்கள். மகளின் தலையைத் தடவிவிட்டு, கூட வந்தவளின் மூச்சைக் கேட்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நீதான் அந்த டீச்சரா?"

"ஆமா" என்ற தொற்காள் தரையில் உட்கார்ந்தாள். "படத்துல இருந்தது உங்க மகன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே வேற மாதிரிச் சொன்னேன். என் தம்பி என்னை விட்டுப் போயிட்டான்னு நெனச்சு அப்படிச் செஞ்சேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

செலின் அடுப்பில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்தாள்.

"எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள் ஞானம்மாள்.

"பாத்தேன். ஜன்னல் வெளிச்சத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தேன்."

"எனக்குக் கண்ணு போயி மூணு வருஷம் ஆச்சு" என்றாள் ஞானம்மாள். "அவன் போன அடுத்த வருஷம். அவன் முகம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுக்கிட்டு வருது. மூக்கு வருது, வாய் வர மாட்டேங்குது. இவகிட்டக் கேட்டா பாதியில அழுதுருவா, நான் நிறுத்திருவேன்." கையை முன்னால் நீட்டித் தேடி, தொற்காளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது, அன்பாக இல்லை. "நீ ரொம்ப நேரம் பார்த்தவ. சொல்லு. எதையும் விடாமச் சொல்லு."

தொற்காள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.